நர்சிங் படிக்க ஆசைப்படும் மலைப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நர்சான என் போன் ஓயாது. நீலகிரி மலையில் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, தேவாலா பக்கத்துச் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வரிசையாகக் கூப்பிடுவார்கள். "எங்க பிள்ளைக்கு நல்ல இரக்க குணம்மா. யாருக்காவது முடியலைன்னா ஓடிப்போய்ப் பார்க்கும். நர்சிங்ல போட்டுவிடலாமா?" பெரும்பாலும் இதுதான் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுத்தாள் என்பது. அதோடு பாதிப் பேச்சு முடிந்துவிடும். ஆர்ட்ஸ் குரூப் என்பார்கள், காமர்ஸ் என்பார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு நாள் முழுக்கக் கஷ்டமாக இருக்கும்.

இரக்க குணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருட அறிவியல் பட்டப்படிப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்து, எழுதி, நோயாளி பக்கத்தில் நின்று செய்தும் காட்ட வேண்டும். சேவை மனசு என்ற ஒரே சொல்லால் இந்தப் படிப்பைச் சுருக்கிவிடுவதால்தான் நம் பிள்ளைகள் தயாராகாமல் வந்து நிற்கிறார்கள். அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

நான் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டில் பிறந்தவள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இந்த மலையில் அரசாங்கம் தேயிலை போட்டது. அந்தத் திட்டம் 1976-இல் டான்டீ கழகமாக மாறியது. தாத்தாவும் அப்பாயியும் அப்படி வந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் அதே தோட்டத்தில் வேலை. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

நர்ஸ் ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்தது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான். அம்மாவுக்குக் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சிஸ்டர் உடனே மருந்து எடுத்துத் தரவில்லை. அம்மாவை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி உட்கார வைத்து, கட்டைவிரலால் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். விரல் நகத்தை அழுத்தி விட்டு, நிறம் திரும்பி வருகிறதா என்று பார்த்தார். கால் வீங்கியிருக்கிறதா என்று கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார்.

"மலைக்குப் போறப்ப செருப்புப் போடுவீங்களாம்மா?"

"இல்லீங்க சிஸ்டர், சேத்துல வழுக்குது."

"சாப்பிட்ட கையோட டீ குடிப்பீங்களா?"

"அது குடிக்காம எப்படிங்க?"

மூச்சு வாங்குவதற்கும் செருப்புக்கும் டீக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலேஜில் படிக்கும்போதுதான் விடை கிடைத்தது. அம்மாவுக்கு இருந்தது ரத்தசோகை. கொக்கிப் புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக உடம்புக்குள் நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு ரத்தசோகை என்றால் இந்த இரண்டையும் கேட்காமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். சிஸ்டர் அன்று அம்மாவிடம் அன்பாகத்தான் பேசினார். அம்மாவைத் தேற்றியது அவர் பார்த்த பார்வையும் கேட்ட கேள்வியும்.

இதே மலையில் பணியர், குறும்பர் போன்ற ஆதிவாசி மக்களிடம் வெளிறிய இமையைப் பார்த்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அரிவாள் செல் சோகை, ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் நோய். அது பரம்பரையாக வருவது, இரும்பு மாத்திரையால் சரியாகாது. குளிரும் உடம்பில் நீர் குறைவதும் கடுமையான எலும்பு வலியைக் கிளப்பிவிடும். நம் ஊர்க் குளிரில் அது சின்ன விஷயமா? கூடலூரில் அஷ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி எடுத்து நர்சாக வேலை பார்க்கிறார்கள். நர்சிங் நம்மால் முடியுமா என்று தயங்கும் எந்தப் பிள்ளையும் அவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் பற்றிய முடிவைப் பிளஸ் டூ முடித்து எடுக்க முடியாது. பத்தாம் வகுப்பு முடித்த அந்த மே மாதத்தில் எடுக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் இரண்டும் இருக்கலாம். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். அதாவது பயோ-மேத்ஸ் அல்லது பியூர் சயின்ஸ். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி அறிவியல் பாடங்களில் சேர்த்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40. சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் என்று ஒரு குரூப் உண்டு. பெயரைப் பார்த்து, இதை எடுத்தால் நேராக பி.எஸ்சி. நர்சிங் போய்விடலாம் என்று நம்புகிறவர்கள் அதிகம். பட்டப்படிப்புக்குக் கேட்பது அந்த மூன்று அறிவியல் பாடங்களைத்தான். பக்கத்துப் பள்ளியில் சயின்ஸ் குரூப் இல்லையென்றால் கூடலூர் வரை போய்ப் படிக்க வேண்டியிருக்கும். யானை நடமாட்டத்தால் சாயங்கால பஸ் லேட்டாகும் ஊர் இது. விடுதியா, சொந்தக்காரர் வீடா என்று அப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

அடுத்த குழப்பம் நீட். தமிழ்நாட்டு அரசு கலந்தாய்வு வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. நீட் எழுதாததால் எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டு என்னிடம் வந்த பிள்ளை உண்டு. நீட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்ப்பது புதுச்சேரி ஜிப்மர். ராணுவ நர்சிங் சேவைக்கான பி.எஸ்சி. இடங்களுக்கும் 2022 முதல் நீட் மதிப்பெண் வேண்டும், அது பெண்களுக்கு மட்டும். வெலிங்டன் ராணுவ மருத்துவமனைப் பக்கம் போய் வந்த குன்னூர்ப் பிள்ளைகள் அந்தச் சீருடையைப் பார்த்து ஆசைப்படுவார்கள். அவர்கள் நீட்டை விடக் கூடாது. எய்ம்ஸ் தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்கும் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. அங்கே 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டார்கள். 2023-இல் தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருப்பதால் சேர்க்கை முறைகள் மாறக்கூடும். போன வருடம் அக்கா சொன்னதை நம்பாமல், அந்தந்த வருடத்துப் புரொஸ்பெக்டஸை முதல் பக்கத்திலிருந்து படித்துவிடுங்கள். பட்டப்படிப்புக்கும் டிப்ளமோவுக்கும் தனித்தனியாக அறிவிப்பு வரும், ஒன்றுக்குப் போட்டுவிட்டு இன்னொன்றுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று இருந்துவிட வேண்டாம்.

சான்றிதழ்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மலைப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாமே இ-சேவை வழியாக வாங்கலாம். ஆனால் எங்களைப் போலத் தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தா பேர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும், இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். பெரியப்பாவின் சாதிச் சான்று திருச்சிப் பக்கம் வாங்கியதாக இருக்கும், அப்பாவுக்கு இருக்கவே இருக்காது. அந்த முடிச்சை அவிழ்க்க நாளாகும். ஜூன் மாதத்தில் தொடங்கினால் விண்ணப்பத் தேதி தாண்டிவிடும். பிளஸ் ஒன் படிக்கும்போதே சாதிச் சான்றை முடித்து வையுங்கள். ஆதார், மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று நான்கிலும் பெயரும் தகப்பன் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று மேஜையில் பரப்பி வைத்துப் பாருங்கள். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. வயநாட்டுப் பக்கப் பள்ளிகளில் படித்த எல்லையோரப் பிள்ளைகளிடம் இருப்பிடச் சான்றைக் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

இன்னொன்று மழை. விண்ணப்பம், கலந்தாய்வு எல்லாம் நடப்பது தென்மேற்குப் பருவமழை அடித்துக்கொண்டிருக்கும் மாதங்களில். தேவாலா, பந்தலூர் மழையைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போகும், டவர் போகும், நடுவட்டம் ரோட்டில் மரம் விழும். கடைசித் தேதியன்று இரவு ஆன்லைனில் உட்காரலாம் என்ற யோசனையே வேண்டாம். விண்ணப்பம் திறந்த முதல் வாரத்தில் கூடலூரிலோ ஊட்டியிலோ நல்ல பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ஓ.டி.பி. வரும் போன் நம்பர் வீட்டுக்காரர்களுடையதாக இருக்கட்டும், கடைக்காரருடையதாக வேண்டாம். சான்றிதழ் சரிபார்ப்புக்கு நேரில் வரச் சொன்னால் ஒரு நாள் முன்னாடியே மலையிறங்கிவிடுங்கள்.

ஏஜென்ட்கள் விஷயம். ஒவ்வொரு வருடமும் லயன் லயனாக ஆள் வருகிறார்கள். "வெளி மாநிலத்தில் சீட் இருக்கு, மார்க் வேண்டாம், இப்ப அஞ்சாயிரம் கட்டினா போதும்." எங்கள் பக்கத்து லயன் பெண் ஒருத்தி அப்படிப் போனாள். முதல் வருடம் முடிவதற்குள் கேட்ட பணம் இரண்டு மடங்கானது. படிப்பை விட்டு வந்துவிடலாம் என்றால் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டு, மீதி மூன்று வருடத்துக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அவளுடைய அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துத்தான் அந்தக் காகிதங்களை மீட்டார். எல்லா வெளி மாநிலக் கல்லூரியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அங்கே படித்து நன்றாக இருப்பவர்களும் எனக்குத் தெரியும். ஆனால் பணம் கொடுக்கும் முன் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் அந்த மாநிலக் கவுன்சில் பட்டியலிலும் அந்தக் கல்லூரி பெயரும் அந்தப் படிப்பும் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆறு மாதம், ஒரு வருடம் நர்சிங் என்று சொல்லும் சான்றிதழ் படிப்புகளை முடித்தால் பதிவு பெற்ற நர்ஸ் ஆக முடியாது. படிப்பு முடிந்து தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸ், மருத்துவச்சி (ஆர்.என்., ஆர்.எம்.) என்ற பதிவு கிடைத்தால்தான் நர்ஸ். அந்தப் பதிவு கிடைக்குமா என்ற ஒரே கேள்வியை ஏஜென்டிடம் கேளுங்கள், பேச்சின் வேகம் குறைவதைப் பார்க்கலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். பிள்ளைகளுக்கு போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே வார்டு நிரம்பியிருக்குமா, பிரசவம் நடக்கிறதா, மனநலப் பிரிவுக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் நர்சிங் கற்றுக்கொள்ள முடியாது. முடிந்தால் கேட் வெளியே நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள்.

மதிப்பெண் குறைந்து பி.எஸ்சி. கிடைக்காத பிள்ளைகளுக்கு: ஜி.என்.எம். என்னும் மூன்று வருட டிப்ளமோவை யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம். அதை முடித்துப் பதிவு செய்தவர்களும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் அரசு நர்ஸ் தேர்வு எழுதலாம். பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் வந்துவிடும். என்னோடு வேலை பார்ப்பவர்களில் ஊசி போடுவதில் மிகவும் கை தேர்ந்தவர் ஜி.என்.எம். படித்த ஒரு அக்காதான். வேறு படிப்பில் சேர்ந்து மனசுக்குப் பிடிக்காமல் நாலு வருடம் கழிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

இனி படிப்புக்குள் வருவோம். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். காலேஜில் முதல் சில வாரங்கள் வகுப்பில் என்ன நடக்கிறதென்றே பிடிபடவில்லை. எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன நோட்டு. அன்றைக்கு வார்டிலும் வகுப்பிலும் காதில் விழுந்த வார்த்தைகளை எழுதி, ராத்திரி அர்த்தம் பார்ப்பேன். மருத்துவச் சொற்கள் துண்டு துண்டாக ஒட்டியவை. கடைசியில் ஐடிஸ் என்று வந்தால் அழற்சி, எக்டமி என்று வந்தால் வெட்டி எடுத்தது. இப்படி ஐம்பது அறுபது துண்டு தெரிந்தால் புத்தகம் பயமுறுத்தாது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராவிட்டாலும் முதல் வருடத்தை ஓட்டிவிடலாம். எழுத வர வேண்டும், ஏனென்றால் நாம் செய்ததையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும். பிளஸ் டூ லீவில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

கணக்கு வராது, அதனால்தான் நர்சிங் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். வார்டில் கணக்கு காத்துக்கொண்டிருக்கும். 500 மில்லி சலைனை நாலு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் குழாய் செட். மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கையில் வாட்சை வைத்துக்கொண்டு சொட்டை எண்ணி, உருளையைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். இதயம் பலவீனமான பெரியவருக்கு இது வேகமாகப் போய்விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்திலும் தப்பாமல் வர வேண்டும்.

முதல் போஸ்டிங்கில் சொல்லிக்கொடுத்த ஒன்று இன்றைக்கும் எனக்குத் தினமும் உதவுகிறது. மூச்சை எண்ணுவது. நோயாளியிடம் "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். அதனால் நாடியை எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல், பார்வையை மட்டும் நெஞ்சுப் பக்கம் நகர்த்தி, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை. கைக்குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால், நிமோனியாவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இப்போது வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மழை நாளில் எட்டு மாதக் குழந்தையைக் கூட்டி வந்தார்கள். "சும்மா சளிதான் சிஸ்டர், மருந்து மட்டும் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் குழந்தையின் அம்மா. குழந்தை அழவில்லை, சிரிக்கவும் இல்லை. மடியிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு ஸ்வெட்டரைத் தூக்கி எண்ணினேன். ஐம்பதைத் தாண்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே உள்வாங்கியது. டாக்டரைக் கூப்பிட்டேன். முதல் டோஸ் மருந்து கொடுத்து 108-இல் ஏற்றி அனுப்பினோம். குழந்தை நன்றாகி வந்தது. அந்த ஒரு நிமிடம் எண்ணுவதற்குத்தான் நாலு வருடம் படிக்கிறோம் என்று என் அக்கா மகளிடம் சொன்னேன்.

அக்கா மகள் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான் படித்தபோது வருடத் தேர்வு, 2021-க்குப் பிறகு செமஸ்டர் முறை, மொத்தம் எட்டு. சேரும் முன் அவள் கேட்ட கேள்வி, "சித்தி, எனக்கு ரத்தம் பார்த்தா கிறுகிறுன்னு வருதே, நான் எப்படி?" பலருக்கும் முதலில் அப்படித்தான் வரும். வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகக் கூடாது. ஒரே இடத்தில் விறைத்து நிற்காமல் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் இருட்டினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும். சில வாரத்தில் பழகிவிடும். எனக்கு ரத்தத்தை விட, மலம் மூத்திரம் துடைப்பதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. அதைச் செய்யும்போதுதான் முதுகில் படுக்கைப்புண் ஆரம்பிக்கும் சிவப்பைக் கண்ணால் பார்க்க முடிகிறது. அந்த வேலையை அட்டெண்டரிடம் தள்ளிவிடுகிற நர்சுக்குப் புண் ஆழமான பிறகுதான் தெரியவரும்.

சேரும் முன்பே ஒரு தடவை வேலையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் அனுமதி கேட்டு, தடுப்பூசி போடும் நாளில் கூட நின்று ஒத்தாசை செய்யுங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கை மருத்துவமனையும் திறந்தாயிற்று. சொந்தக்காரர் யாராவது அங்கே படுத்திருந்தால் துணைக்கு நீங்கள் போய் இருங்கள். ஒரு ஷிப்டில் நர்ஸ் எத்தனை தடவை நடக்கிறார், எத்தனை பேரிடம் திட்டு வாங்குகிறார், எதை எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தைரியமாகப் போடுங்கள். பையன்களுக்கும் இதையே சொல்கிறேன். எங்கள் காலேஜில் படித்த பையன்கள் எல்லோரும் இன்று வேலையில் இருக்கிறார்கள்.

அப்பாமார்களுக்கு நைட் டியூட்டி பயம் இருக்கும். என் அப்பாவுக்கும் இருந்தது. அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று, லீவுக்கு வந்த ஒரு சீனியரை வீட்டுக்குக் கூட்டி வந்து டீ கொடுத்துப் பேச வைத்தேன். ராத்திரி வார்டில் யார் யார் இருப்பார்கள், ஹாஸ்டலுக்கு எப்படித் திரும்புகிறார்கள் என்று அந்த அக்கா நிதானமாகச் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "மெஸ்ல சாப்பாடு எப்படிம்மா?" அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

பண விஷயம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. தனியார் கல்லூரியிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, கலந்தாய்வு வழியாகப் போனால் அது கிடைக்கும், நேராகப் போய் நின்றால் நிர்வாக ஒதுக்கீடு. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அக்கா மகளுக்கு வருகிறது, அவளுடைய ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், பஸ் செலவு அதில் ஓடுகிறது. கணக்கு பிள்ளை பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைத்திருக்க வேண்டும். தோட்டத்தில் பலரும் அம்மா கணக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள், அதை லீவிலேயே சரிசெய்துவிடுங்கள்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது ஸ்வெட்டரைக் குறைத்துப் பருத்தித் துணியை அதிகம் எடுத்துப் போங்கள். கீழே வெயிலில் முதல் மாதம் நம் பிள்ளைகள் வாடிப்போவார்கள், தண்ணீர் குடிக்கவும் மறந்துவிடுவார்கள். வினாடி முள் உள்ள வாட்ச் கட்டாயம், டிஜிட்டல் வேண்டாம். கால் முழுக்க மூடும், சத்தம் வராத ஷூ நல்லதாக ஒரு ஜோடி வாங்குங்கள், விலை பார்க்க வேண்டாம், எட்டு மணி நேரம் அதில்தான் நிற்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சீட் உறுதியான உடனே தொடங்கிவிடுங்கள். மூன்று டோஸ்: முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வார்டு போஸ்டிங்கில் ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து முதல் வருடத்திலேயே உண்டு, அதற்குள் இரண்டு டோஸாவது உடம்பில் ஏறியிருக்க வேண்டும்.